பன்னிரண்டாவது கப்பல்

வாஷ் காய்வதற்கு அரை மணி நேரம் ஆகும். அதற்குள் தொட்டால் காரியம் கெட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, திருப்பூரில், மாடி வீட்டின் ஜன்னலோர மேசையில் நாச்சிமுத்து அந்த அரை மணி நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை சும்மா இருந்தது. இருமல் மருந்து பாட்டிலின் மூடிமேல் ஒட்டி நிறுத்தியிருந்த விண்வெளிக் கப்பல் பொம்மை விரல் நீளம்தான் இருக்கும். அதற்குள் எத்தனை ஜன்னல், எத்தனை குழாய், எத்தனை பீரங்கி! அச்சில் வார்த்தவன் நல்ல ரசனைக்காரன். காலையில் பூசிய நீலச்சாம்பல் நிறத்தின்மேல் இப்போது கரும்பழுப்பு வாஷ் வழிந்து, பள்ளம் கண்ட இடத்தில் எல்லாம் தங்கிக்கொண்டிருந்தது. வாஷ் என்பது வேறொன்றுமில்லை, ஏகத்துக்குத் தண்ணீர் கலந்த பெயின்ட். அதை எங்கே வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதுவே பள்ளத்தைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதுவரை பொம்மையாக இருந்தது, அது காய்ந்ததும் பத்துப் போருக்குப் போய்வந்த இரும்பாகிவிடும். கை நடுங்கினாலும் வாஷ் போடலாம். இந்த நினைப்பு வந்ததும் நாச்சிமுத்து கையை மேசைக்கு அடியில் தொடைமேல் வைத்துக்கொண்டார். அங்கே இருந்தால் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் பார்க்காதபோதுதான் அது ஆடுகிறதோ என்று சந்தேகம் வந்தது. மறுபடி எடுத்து மேசைமேல் வைத்தார். கை சும்மாதான் இருந்தது. நல்ல பிள்ளை மாதிரி.

மகள் நிவேதிதா பெங்களூரிலிருந்து ஒரு தீபாவளிக்கு வந்தபோது கொண்டுவந்த விளையாட்டுப் பெட்டியில் வந்த கப்பல் அது. கட்டங்கள் போட்ட அட்டை, பகடை, பன்னிரண்டு கப்பல். சிநேகிதிகளோடு இரண்டு தடவை ஆடினாள், அப்புறம் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு பெங்களூருக்கே திரும்பிப் போய்விட்டாள். கூட்டிப் பெருக்கும்போது பெட்டி திறந்து, பன்னிரண்டும் வெறும் சாம்பல் பிளாஸ்டிக்காகத் தரையில் உருண்டதைப் பார்த்த நாச்சிமுத்துவுக்கு மனசு பொறுக்கவில்லை. இருபத்தேழு வருஷமாகச் சாயப் பட்டறை லேபில் நிறம் சேர்க்கிறவர். வெளிநாட்டுக்காரன் ஒரு துண்டுத் துணியை அனுப்பி இதே பச்சை வேண்டும் என்றால், அந்தப் பச்சைக்குள் எத்தனை சொட்டு மஞ்சள், எத்தனை சொட்டு நீலம், யாருக்கும் தெரியாமல் ஒளிந்திருக்கும் சிவப்பு எவ்வளவு என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் வீட்டில் பன்னிரண்டு உருப்படி நிறமில்லாமல் கிடந்தால்? முதல் கப்பலுக்கு அப்பிய பெயின்டில் அதன் ஜன்னல்களே அடைபட்டுப் போயின. மூன்றாவதில் கை வந்தது. ஐந்தாவதிலிருந்து வசந்தாமணியே, "ஏனுங், நெசமாலுமே பறக்கும் போலிருக்குதுங்" என்றாள். ஆனாலும் அவள் அவள்தான். இவர் மனைவி எதையும் முழுசாகப் பாராட்டிவிட்டுப் போகிற ரகமில்லை. வாசல்படி வரை போய்த் திரும்பி, "எனக்கொரு சந்தேகமுங்" என்றாள். "மேல்பக்கமெல்லாம் வெளுப்பா, அடிப்பக்கமெல்லாம் கருப்பாப் பூசறீங்களே. அந்தரத்துல மெதக்கறதுக்கு மேல எது, அடி எது? அங்க வெளிச்சம் எந்தப் பக்கமிருந்துங் வருது?" இவர் கப்பல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். யோசித்துப் பார்த்தால் எல்லாக் கப்பலுக்கும் வெளிச்சம் இடப்பக்க மேல்மூலையிலிருந்துதான் விழுந்திருந்தது. ஏனென்றால் மேசைக்கு இடப்பக்கம்தான் ஜன்னல். அண்டசராசரத்தில் எங்கே பறந்தாலும் அந்தக் கப்பல்களுக்கு இந்த வீட்டு ஜன்னல் வெளிச்சம்தான். அதை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பாள்.

காய்ந்துவிட்டதா என்று இந்தப் பன்னிரண்டாவது கப்பலைச் சாய்த்துப் பார்த்தார். பின்பக்க இஞ்சின் குழாய்களுக்குள் இன்னும் ஈரம் மினுங்கியது. இருக்கட்டும். நாளைக்குப் பதினோரு மணிக்குக் கோயம்புத்தூரில் டோக்கன் நம்பர் பதினாலு. நரம்பு டாக்டர். வசந்தாமணியிடம் சாயக் கம்பெனி மீட்டிங் என்று சொல்லியிருந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் பொய் சொன்னால் தேவைக்கு மேல் சொல்லிவிடுவார் என்பதற்கு நாச்சிமுத்துவே சாட்சி. மீட்டிங்கில் மத்தியானச் சாப்பாடு உண்டு, பிரியாணியாம், வெள்ளைக்காரன்கூட ஒருத்தன் வருகிறானாம் என்று அவள் கேட்காததையெல்லாம் அளந்துவிட்டிருந்தார். அவள் "ஓ" என்றாள். அவ்வளவுதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் லேபில் பிப்பெட் குழாயைப் பிடித்துச் சிவப்பைச் சொட்டவிடும்போது ஒரு சொட்டு கூடிப்போனது. கை அதுவாக ஒரு தடவை துள்ளியது, அவ்வளவே. துணி வெளியே வந்தபோது கேட்ட கத்தரிப்பூவாக இல்லாமல் நாவல்பழமாக இருந்தது. தராசில் கோளாறு என்று சொன்னார். எல்லோரும் நம்பினார்கள், தராசைத் துடைத்துவேறு வைத்தார்கள். அன்றைக்கு அவரைப் பார்த்து யாராவது சிரித்திருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது. அப்புறம் பேனா பிடிக்கும்போது ஒரு நாள், சட்டைப் பொத்தான் போடும்போது ஒரு நாள். நான்கு நாள் ஒன்றுமே இல்லாமல் இருக்கும், தூக்கம் போதவில்லை, சூடு, வயசு என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடிகிற மாதிரி. ஐந்தாம் நாள் தண்ணீர் சொம்பை வாங்கும்போது எட்டிப் பார்க்கும்.

அதனால்தான் இந்த ஒப்பந்தம். காலையில் பல் தேய்க்கும்போது தனக்குத்தானே பேசி முடிவு செய்தது. கப்பலின் முதுகில் முன்மூக்கிலிருந்து பின்னால் இஞ்சின் வரைக்கும் ஒரு விளிம்பு போகிறது. எல்லாம் முடிந்தபிறகு அந்த விளிம்பில், கிட்டத்தட்ட வெள்ளையான நீலத்தில், மயிரிழை கனத்துக்கு ஒரு கோடு போட வேண்டும். ஹைலைட். அதுதான் வெளிச்சம் பட்ட இடம், அது விழுந்தால்தான் கப்பலுக்கு உயிர். வாஷ் மன்னிக்கும், லேயரும் ஓரளவு மன்னிக்கும், ஹைலைட்டிடம் மட்டும் அந்தப் பேச்சே கிடையாது. இருப்பதிலேயே மெலிந்த மூன்று சைபர் பிரஷ், ஒரே மூச்சு, ஒரே இழுப்பு. அது விட்டுப்போகாமல், கோணாமல் வந்துவிட்டால் நாளைக்கு டாக்டரும் வேண்டாம், டோக்கனும் வேண்டாம், போனைப் போட்டுக் கேன்சல் என்று சொல்லிவிடலாம். வராவிட்டால்? வராவிட்டால் என்பதை அவர் பல் தேய்க்கும்போது யோசிக்கவில்லை. வாய் கொப்பளித்துவிட்டு வந்துவிட்டார்.

ஈரம் போய்விட்டது. உடைந்த பாத்ரூம் டைல் ஒன்றின்மேல் நீலத்தைப் பிதுக்கி, ஒரு சொட்டு வெள்ளை, இரண்டு சொட்டுத் தண்ணீர். பால் பதம். லேயர் என்பது பொறுமைக்காரன் வேலை. வாஷ் தங்கிய பள்ளத்தைத் தொடாமல், மேடான இடத்தில் மட்டும் கொஞ்சம் வெளுத்த நீலம். அது காய்ந்ததும் அதற்குள் இன்னும் சின்ன இடத்தில் இன்னும் வெளுத்த நீலம். ஒவ்வொரு பூச்சும் முந்தைய பூச்சில் கொஞ்சத்தை வெளியே விட்டுவைக்க வேண்டும். பிரஷ் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொண்டார், வசந்தாமணி பார்த்தால் திட்டுவாள். இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று ஒட்டி மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டால் கை ஆடாது, ஆடினாலும் இரண்டும் சேர்ந்து ஆடும், கப்பலும் பிரஷும் ஒன்றாக ஆடும்போது கோடு எப்படிக் கோணும்? இந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒரு பூச்சு, இரண்டு பூச்சு. அந்தக் காலத்தில் டவுன் பஸ்ஸில் அப்பா எந்தக் கம்பியையும் பிடிக்காமல் நிற்பார். கண்டக்டர். அவினாசி ரோட்டுக் குழிகளில் பஸ் எப்படிக் குதித்தாலும் அவர் டிக்கெட்டைக் கிழித்து, சில்லறை எண்ணி, பென்சிலைக் காதில் சொருகுவார், பஸ்ஸே அவரைப் பிடித்துக்கொண்டு போவதுபோல் இருக்கும். கடைசியில் ஆடியது அந்தக் கைதான். முதலில் பென்சில் கீழே விழுந்தது. அப்புறம் டிக்கெட் இரண்டாகக் கிழிவதற்குப் பதில் நான்காகக் கிழிந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அம்மா அப்பாவுடைய டம்ளரில் பாதிதான் ஊற்ற ஆரம்பித்தாள். அப்பா அந்தப் பாதியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைப்பார். இன்னும் கொஞ்சம் ஊற்று என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பேச்சு வந்துவிடும் என்று இருந்தாரோ என்னவோ.

பிரஷைத் தண்ணீர் டம்ளரில் அலசினார். மூன்றாவது பூச்சுக்கு இன்னொரு சொட்டு வெள்ளை. பல்லடத்தில் அத்தை மகள் கல்யாணம். அதை நினைக்க வேண்டாம். கப்பலின் வயிற்றுப்பக்கம் ஒரு குழாய் விட்டுப்போயிருந்தது, அதைத் தொட்டுவிட்டார். பல்லடத்தில் பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்து இலை இவருடையது. அப்போது இவருக்கு இருபத்து மூன்று, சட்டைக்குள் புதுப் பனியன், எதிர் வரிசையில் பெண் வீட்டுக்காரர்கள். சாம்பார் சாதத்தைப் பிசைந்து அப்பா வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி வேட்டியில், கால்வாசி இவர் இலையில். ஒரு சின்னப் பெண் பார்த்துவிட்டுத் தன் அம்மாவின் கையைச் சுரண்டியது. நாச்சிமுத்து எழுந்தார். யாரோ கூப்பிட்ட மாதிரி "இதோ வந்துட்டேன்" என்று யாருமில்லாத பக்கம் பார்த்துக் கத்திவிட்டு, சாப்பிட்ட இலையை மடிக்காமல்கூடப் போய், கடைசி வரிசையில் புது இலைமுன் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து பார்த்தால் அப்பா தெரிந்தார். அப்பா தலையைத் தூக்கி இவரைத் தேடவில்லை. பக்கத்தில் காலியாகக் கிடந்த இலையை ஒரு தடவை பார்த்தார், அப்புறம் தன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அதற்கப்புறம் எட்டு வருஷம் இருந்தார், இருவரும் நல்லபடியாகத்தான் பேசிக்கொண்டார்கள். நாச்சிமுத்து மருந்து வாங்கிக் கொடுத்தார், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார், கடைசியில் கொள்ளி வைத்தார். அந்த இலையைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை. இப்போது வெட்கமாக இருந்தது. முப்பது வருஷம் கழித்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஒரு பொம்மைக் கப்பலுக்குமுன் காது மடல் சுட்டது. கை ஆடுவதில் அவருக்கு அவ்வளவு பயமில்லை. பக்கத்து இலைக்காரர் எழுந்து போவாரே, அதில்தான் பயம்.

"டீ வெச்சுட்டுப் போறேனுங். ஆறறதுக்குள்ள குடிங்" என்று வசந்தாமணி மேசையில் ஒரு டம்ளரை வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள். "ம்" என்றார். கண்ணைக் கப்பலைவிட்டு எடுக்கவில்லை. மூன்றாவது லேயர் காய்ந்துகொண்டிருந்தது. பரவாயில்லை, நன்றாகவே வந்திருந்தது. இருட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்துக்கு ஏறுகிற நீலம், எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறதென்று இவருக்கே தெரியவில்லை. ஒரு தடவைகூடக் கை துள்ளவில்லையே! மனசுக்குள் ஒரு குதியாட்டம். இப்படியே இருந்தால் கோடும் வந்துவிடும். டாக்டருக்குப் போன் போட்டு என்ன சொல்வது? ஊரில் இல்லை என்று சொல்லிவிடலாம். மீட்டிங் தள்ளிப்போய்விட்டது என்று வசந்தாமணியிடம். வெள்ளைக்காரனுக்குக் காய்ச்சல். இப்படி ஒரு பொய்யைக் கலைக்க இன்னொரு பொய்யைக் கலந்தபடி, பழைய நிறம் போக வேண்டுமே என்று மூன்று சைபர் பிரஷை டம்ளரில் விட்டு நன்றாகக் கலக்கினார். ஏலக்காய் வாசனை வந்தது. தண்ணீரில் எப்படி ஏலக்காய் என்று குனிந்து பார்த்தால் டீயில் நீலம் சுருள் சுருளாக ஓடிக்கொண்டிருந்தது. வாஷ் அலசிய தண்ணீரும் டீயும் ஒரே நிறம். நிறத்துக்குச் சம்பளம் வாங்குகிறவரையே ஏமாற்றுகிற ஒரே நிறம். "அட கெரகமே" என்றார். உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. "மறுக்காவும் முக்கிப் போட்டீங்ளா?" "முக்கிப் போட்டேன்." "இதோட நாலுங். போன தடவ குடிச்சே போட்டீங்க, அதுக்கு இது பரவால்ல. இருங், வேற போட்டுட்டு வாரேன்." அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஏன் தோன்றியது? தெரியவில்லை. வெள்ளையில் ஒரு துளி நீலம். பிரஷை முனையில் மட்டும் தொட்டு, டைலில் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார், மயிரிழையேதான். மணிக்கட்டுகளை ஒட்டினார். ஊன்றினார். மூச்சை இழுத்துப் பாதியை விட்டு மீதியை நிறுத்திக்கொண்டார். கப்பலின் மூக்கு நுனியில் பிரஷ் பட்டது, கோடு புறப்பட்டது. போகிறது. முதல் ஜன்னல் வரிசை தாண்டிப் போகிறது. பீரங்கி மேடு தாண்டிவிட்டது. சமையலறையில் டீ பொங்குகிற சத்தம். பென்சில் கீழே விழுகிற சத்தம். அது எங்கேயிருந்து வந்தது? இஞ்சினுக்குக் கடுகளவு தூரம் இருக்கும்போது கை துள்ளியது. துள்ளல் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு விக்கல். கோடு விளிம்பைவிட்டு இறங்கி, கருத்த பள்ளத்தில் வெள்ளையாக ஒரு கொக்கி போட்டுவிட்டு, மறுபடி ஏறி இஞ்சினைத் தொட்டு நின்றது.

நாச்சிமுத்து மூச்சை விட்டார். அப்புறம் பேரம் ஆரம்பித்தது. இதைத் திருத்தலாம். எல்லோரும் திருத்துகிறார்கள், கைதேர்ந்தவன்கூடக் கோடு பிசகினால் அடி நிறத்தைத் தொட்டு மூடிவிடுவான், தப்பே கிடையாது, அதுவும் வேலையில் ஒரு பகுதிதான். கரும்பழுப்பை எடுத்து அந்தக் கொக்கியின்மேல் ஒற்றினார். மறைந்தது. இப்போது கோடு நேர். யார் வந்து பார்த்தாலும் நேர். ஒப்பந்தத்தில் திருத்தக் கூடாது என்று இருந்ததா? பல் தேய்க்கும்போது அப்படி ஒன்றும் பேசவில்லையே. கடைசிக் கடுகளவுதானே? அதுவரைக்கும் நூல் பிடித்த மாதிரி வந்ததே, அதற்கு மதிப்பில்லையா? டீ பொங்குகிற சத்தத்தில் யாருக்கும் கை துள்ளும். அப்படியென்றால் கேன்சல். கேன்சல் என்று நினைத்ததும் நிம்மதி வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. பழுப்புக்கு அடியில் அந்த வெள்ளைக் கொக்கி இருக்கிறது, அவருக்குத் தெரிகிறது, கண்ணை மூடினாலும் தெரிகிறது.

வசந்தாமணி வந்து புது டம்ளரைப் பழைய டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதையாச்சும் வாயில ஊத்துங்" என்றாள். நாச்சிமுத்து கையை நீட்டினார், அப்படியே நிறுத்திக்கொண்டார். இரண்டு டம்ளரும் ஒட்டி நின்றன. ஒன்றில் நீலம் கலந்த டீ, ஒன்றில் நல்ல டீ. இரண்டும் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே, ஒரே மட்டத்தில். மட்டம் பார்த்தே வயிறு வளர்த்த கண் அது, பிசகாது. முதல் டம்ளரில் இவர் ஒரு மடக்குகூடக் குடிக்கவில்லை. வசந்தாமணி டீ ஊற்றினால் ததும்ப ஊற்றுவாள், கல்யாணமான புதிதில் அம்மாவே அதற்கு அவளைக் கடிந்ததுண்டு, விருந்தாளி விரலைச் சுட்டுக்கொள்வான் என்று. டம்ளரும் வேறு. கண்ணாடி கிளாஸ் எப்போது போயிற்று? இந்த அகன்ற அடி எவர்சில்வர் எப்போது வந்தது? ரசத்தைக் கிண்ணத்தில் தருகிறாளே, ஆறு பொத்தான் சட்டையை இஸ்திரிக்குப் போடாமல் தலைவழியாக மாட்டுகிற டீ-சர்ட்டாக எடுத்து வைக்கிறாளே, பனியன் ஊரில் இருந்துகொண்டு பனியன் போட்டால் என்னவென்று சிரித்துக்கொண்டே சொன்னாளே. எத்தனை நாளாக ஒருத்தி சத்தமில்லாமல் டம்ளரை அளந்துகொண்டிருந்திருக்கிறாள்! மீட்டிங்கில் பிரியாணி என்றபோது அந்த "ஓ".

"எத்தன நாளாத் தெரியும்?" என்றார்.

என்னது என்று அவள் கேட்கவில்லை. "தைப்பூசத்துக்குச் சிவன்மல போனமில்லீங். ஐயரு திருநீறு போட்டப்ப, உங்க கையில பாதி நிக்கவேயில்ல."

"சொல்லவேயில்லையே."

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேனுங்."

நாச்சிமுத்து கப்பலைப் பார்த்தார். நேரான கோடு. அப்பாவும் இப்படித்தான் ஒவ்வொரு நாளும் பாதி டம்ளரைப் பார்த்திருப்பார், தெரிந்தே குடித்திருப்பார், அம்மாவும் தெரிந்தே ஊற்றியிருப்பாள். அந்த வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. "நாளைக்கு மீட்டிங் இல்ல" என்றார். "டாக்டரு. கோயமுத்தூர்ல. பதினோரு மணிக்கு."

வசந்தாமணி தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டாள். "எட்டரை பஸ்ஸுக்குப் போனாச் செரியா இருக்குமுங். நானும் வாரேன்" என்றாள். "அப்ப பிரியாணி?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. மறைக்கவில்லை. "வசந்தா, பாத்திரத்துல டீ மிச்சம் இருக்குதா?"

"இருக்குதுங்."

"எடுத்துட்டு வந்து இதுல முழுசா ஊத்து."

"சிந்துமுங்."

"சிந்தட்டும்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பாத்திரத்தோடு வந்து, பழையபடி, விளிம்பு தெரியாமல் ததும்ப ஊற்றினாள். பாத்திரத்தை வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். நாச்சிமுத்து வலது கையாலேயே எடுத்தார். இடது கையைத் துணைக்குக் கொண்டுவரவில்லை. பாதி வழியில் கை துள்ளியது. டைல்மேல் கொஞ்சம், மேசைமேல் கொஞ்சம், கப்பலின் முதுகில் ஒரு சொட்டு. கப்பலில் விழுந்தது பள்ளம் தேடி ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டது. மிச்சம் அவள் நைட்டியில் தெறித்தது. அவர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோய் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, மெதுவாக அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார். வசந்தாமணி தோளில் கிடந்த துண்டால் மேசையைத் துடைத்தாள், கடைசியில் தன் மடியைத் துடைத்துக்கொண்டாள். ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை.